எந்த ஒட்டுண்ணி, மருமகனே?

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் வந்தது. நலம் விசாரித்து ஒரு வரி, செலவுக்குப் பணம் கேட்டு ஒரு வரி, மீதி முழுக்க ஆஸ்திரேலியாக்காரர்கள் மேல் கோபம். கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு வந்ததும் பெரிய வைத்தியராகிவிட்டாய் போலிருக்கிறது. வகுப்பில் வொய்லி என்ற விலங்கைப் பற்றிச் சொன்னார்களாம். பத்துக்கு ஒன்பது காணாமல் போனதாம். இரத்தத்தைப் பார்த்தால் டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி இருந்ததாம். "ஒட்டுண்ணி கொன்றது, மருந்து கொடுத்தால் தீர்ந்தது. அதை விட்டுவிட்டு இது இந்த வகையா, அந்த வகையா என்று வருஷக்கணக்காக ஏன் மாமா மரபணுவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று தவறுகள் ஒளிந்திருக்கின்றன. உன் வயதில் எல்லாருக்கும் வருவதுதான், வெட்கப்படாதே. சிலருக்குத் தலை நரைத்த பிறகும் போவதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதுதான் எனக்கு இதில் உள்ள ஒரே சௌகரியம்.

முதலில் அந்த விலங்கைத் தெரிந்துகொள். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் ஏதோ எலி வகை என்று நினைத்திருக்கிறாய். வொய்லி கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை. குட்டி தாயின் வயிற்றுப் பையில் வளரும். இரவில்தான் நடமாட்டம். கூடு கட்டப் புல்லும் பட்டையும் வேண்டுமென்றால் வாலில் சுருட்டி எடுத்துக்கொண்டு போகும். மண்ணுக்கடியில் விளைகிற பூஞ்சைகளைத் தோண்டித் தின்று பிழைக்கிறது. இப்படித் தோண்டித் தோண்டி ஒரே ஒரு வொய்லி ஓர் ஆண்டில் ஏறக்குறைய 5 டன் மண்ணைப் புரட்டிப் போடுகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவதும் பூஞ்சையின் வித்துகள் பரவுவதும் அந்தக் குழிகளால்தான். அது போனால் காட்டின் மண்ணும் மாறும். ஆகவே "ஒரு சின்ன விலங்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதை அடித்துவிடு.

ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் தெற்குப் பாதி முழுக்க இது இருந்தது. ஐரோப்பியர்கள் வந்து காட்டை அழித்தார்கள், நரியையும் பூனையையும் கொண்டுவந்து விட்டார்கள். 1970-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் சில துண்டுக் காடுகளில் மட்டும் வொய்லி மிஞ்சியிருந்தது. பிறகு நரிக்கு விஷம் வைக்கத் தொடங்கினார்கள். 1080 என்று பெயர் சொல்வார்கள், சோடியம் ஃபுளூரோஅசிட்டேட். அந்தப் பகுதியின் சில செடிகளிலேயே இந்த நஞ்சு இயற்கையாக இருக்கிறது. அதனால் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த விலங்குகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும், வெளியிலிருந்து வந்த நரி தாங்காது. நரி குறைந்தது, வொய்லி பெருகியது. 1996-இல் ஆபத்திலிருக்கும் விலங்குகளின் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். காப்பாற்றிவிட்டோம் என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

1999-க்கும் 2006-க்கும் நடுவில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. நரிக்கு வைத்த விஷத்தை யாரும் நிறுத்தவில்லை. காடும் அப்படியே நின்றது. 2008-இல் அதே வொய்லி மிகக் கடுமையான ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் மறுபடி ஏறியது. பெர்த்துக்குத் தெற்கே சுமார் 300 கிலோமீட்டரில் மேல் வாரன் என்றொரு காட்டுப் பகுதி உண்டு. அதிகமாக இருந்ததும் அங்கேதான், அதிகமாக விழுந்ததும் அங்கேதான். ஏன் என்று தேடும்போது மர்டோக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இரத்தத்தைப் பார்த்தார்கள். டிரிப்பனோசோம் கண்ணில் பட்டது.

இனி உன் முதல் தவறுக்கு வருகிறேன். "இருந்தது, ஆகவே கொன்றது" என்கிறாய்.

மர்டோக் குழு 2013-இல் வெளியிட்ட ஒரு ஆய்வை எடுத்துக்கொள். மேற்கு ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பை உள்ள 10 வகை விலங்குகள். உயிரோடு பிடித்து விட்ட 554 விலங்குகளின் இரத்தம், நோயில் கருணைக்கொலை செய்யப்பட்ட அல்லது வண்டியில் அடிபட்டுச் செத்த 50 விலங்குகளின் 250 திசுத் துண்டுகள். இரத்தத்தில் 67 சதவீதம், திசுக்களில் 60 சதவீதம் டிரிப்பனோசோம் இருந்தது. நன்றாகப் படி. மூன்றில் இரண்டு! அந்தக் காட்டில் ஓடியாடித் திரிகிற விலங்குகளில் பெரும்பாலானவை இந்த ஒட்டுண்ணியோடுதான் திரிகின்றன. "இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு கொலைப்பழி போட்டால் காட்டில் உயிரோடு இருக்கிற விலங்குகளையும் செத்தவர்கள் கணக்கில் எழுத வேண்டிவரும்.

கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்கு இந்தத் தவறு சுலபமாக வரும், காரணமும் எனக்குத் தெரியும். உங்களிடம் வருவதெல்லாம் நோயாளி மட்டும். நோயாளியிடம் ஒட்டுண்ணி இருந்தால் அதுதான் நோய் என்று மனசு முடிவு கட்டிவிடும். நல்ல உடம்போடு மேய்ந்துகொண்டிருக்கிற மாட்டின் இரத்தத்தை யார் பார்க்கிறீர்கள்? பார்த்தால்தானே தெரியும் அதற்குள்ளும் என்னென்ன குடியிருக்கிறது என்று.

இப்போது நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்படியானால் ஒட்டுண்ணிக்கு எந்தப் பங்கும் இல்லை என்கிறீர்களா?" என்று கேட்பாய். அவசரக்குடுக்கை! நான் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டாம் தவறைச் சொல்லி முடித்தால்தான் அதற்குப் பதில் வரும்.

டிரிப்பனோசோம் என்றால் ஒன்றுதான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதுதான் இரண்டாவது.

அதே 2013 ஆய்வில் அவர்கள் "இருக்கிறதா" என்பதோடு நிற்கவில்லை. 18எஸ் ரைபோசோம் மரபணுவையும் இன்னொரு மரபணுவையும் வரிசையாகப் படித்து ஒப்பிட்டார்கள். எட்டு மரபுவகைகள் கிடைத்தன. அவை மூன்று கிளைகளில் அமர்ந்தன. முதல் கிளையில் டிரிப்பனோசோமா கோப்மனி. இரண்டாவது கிளை அப்போது புதியது. அதிலிருந்துதான் வெக்ராண்டிஸ் என்ற இனத்தைப் பிறகு விவரித்தார்கள். மொத்த நீளமே சுமார் 8 மைக்ரோமீட்டர், நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் அளவு. பாலூட்டிகளின் இரத்தத்தில் கண்ட டிரிப்பனோசோம்களில் இதைவிடச் சின்னது தெரியாது. மூன்றாவது கிளை, முன்பு ஒரு கங்காருவிலிருந்து எடுத்து எச்25 என்று எண் மட்டும் போட்டு வைத்திருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது ஒரு தனிக் கதை.

இனிமேல்தான் விஷயமே. வொய்லிகளை இரண்டு இடங்களில் ஒப்பிட்டார்கள். ஒன்று, எண்ணிக்கை சரிந்த மேல் வாரன். மற்றொன்று, எண்ணிக்கை நிலையாக இருந்த கரகாமியா சரணாலயம். இரண்டு இடத்திலும் ஒட்டுண்ணி இருந்தது. "இருக்கிறதா இல்லையா" என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டும் ஒன்றே என்று எழுதி மூடியிருப்பார்கள். வகை பிரித்துப் பார்த்ததும் படம் மாறியது. சரிந்த இடத்தில் கோப்மனி கிளை 96 சதவீதம். நிலையான இடத்தில் இரண்டாவது கிளை 89 சதவீதம். சரிந்த இடத்தில் ஒரே விலங்குக்குள் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்திருப்பது சாதாரணம். நிலையான இடத்தில் அப்படி இல்லை.

இதோடு முடியவில்லை. கோப்மனி கிளை இருந்த விலங்குகளின் இதயம், உணவுக்குழாய், நாக்கு ஆகியவற்றில் அழற்சியும் திசுச் சிதைவும் தெரிந்தன. இதயம், உணவுக்குழாய் என்றதும் உனக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? வரவில்லையென்றால் பாடப்புத்தகத்தை எடு. தென் அமெரிக்காவின் சாகஸ் நோய், 1909-இல் கார்லோஸ் சாகஸ் கண்டுபிடித்துச் சொன்னது. அதை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசி மனிதனிடம் குறிவைப்பதும் இதயத்தையும் உணவுக் குழாயையும்தான். குரூசியின் பெரிய ஆயுதம் உயிரணுவுக்குள்ளே புகுந்து பெருகுவது. ஆஸ்திரேலிய டிரிப்பனோசோம் எதுவும் அப்படிச் செய்யும் என்று அதுவரை யாரும் காட்டியதில்லை. இந்த ஆய்வில் கோப்மனி கிளையின் ஒரு மரபுவகை, வளர்ப்புத் தட்டில் உயிரணுக்களுக்குள் புகுந்தது.

ஒரு மரபுவகை. அடிக்கோடு போட்டுக்கொள். பெயர்ப்பலகையில் ஒரே இனம், நடத்தையில் வேறு வேறு.

"ஏதோ நாலு எழுத்து மாறியிருந்தால் இவ்வளவு வித்தியாசம் வருமா மாமா?" என்று சந்தேகப்படுவாய். ஆப்பிரிக்காவைப் பார். டிரிப்பனோசோமா புரூசி என்ற ஒரே இனத்தில் மூன்று துணையினங்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் நீ என்ன, உன் ஆசிரியர் என்ன, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மாட்டை வாட்டும், மனிதனை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் நம் சீரத்தில் உள்ள ஒரு புரதம் அதைக் கொன்றுவிடும். இன்னொன்றான ரொடீசியன்ஸ் அந்தப் புரதத்தை முறியடிக்கும் ஒற்றை மரபணுவை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே தூக்கநோய் வந்து மனிதன் சாகிறான். ஒரே ஒரு மரபணு!

அடுத்து நீ எங்கே சறுக்குவாய் என்பதும் எனக்குத் தெரியும். "அப்படியானால் 18எஸ் மரபணுவில் இருக்கும் வித்தியாசம்தான் நோய் உண்டாக்குகிறது" என்று தேர்வுத்தாளில் எழுதி வைப்பாய். எழுதாதே. 18எஸ் என்பது யார் எவர் என்று அடையாளம் காட்டுவதற்காக நாம் படிக்கிற மரபணு. உயிரணுவுக்குள் புகும் வித்தை வேறெங்கோ இருக்கிறது. அடையாளம் மாறினால் மற்றவையும் மாறியிருக்க வாய்ப்பு உண்டு என்பதே அதிலிருந்து நாம் எடுக்கும் பொருள். அதற்குமேல் எடுத்தால் அது உன் கற்பனை.

வகைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் "ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்தால் தெரியாதா" என்று ஒரு மேதாவித்தனமான வரி இருந்தது. தெரியாது. காட்டு விலங்கின் இரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கும். ஸ்லைடில் தென்படாமலே போகும், தென்பட்டாலும் வகை சொல்லாது. அதனால் பிசிஆர் முறையில் மரபணுத் துண்டைப் பெருக்கி எழுத்துகளைப் படிக்கிறார்கள். எழுத்துகளைப் படிக்கும் பழைய சாங்கர் முறையில் ஒரு குறை உண்டு. கல்யாண வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, பந்தி விசாரிக்கிற பெரியவர் குரல் மட்டும்தானே தெளிவாகக் கேட்கும்? அதுபோல, ஒரு விலங்குக்குள் நான்கு வகைகள் இருந்தால் அதிகமாக இருக்கும் வகையின் எழுத்துகளே தெளிவாக வரும், மற்றவை அமுங்கிப் போகும். புதிய தலைமுறைக் கருவிகள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே லட்சக்கணக்கில் படிக்கின்றன. கோலாக்களின் இரத்தத்தை இப்படிப் படித்து 2017-இல் வெளியிட்டபோது, முன்பு எண்ணியிருந்ததைவிடக் கலப்புத் தொற்று மிக அதிகம் என்று தெரிந்தது. ஒட்டுண்ணிகள் திடீரென்று பெருகிவிடவில்லை. நம் காது கூர்மையானது, அவ்வளவுதான். புதிய கருவியோடு வந்த எண்ணிக்கையைப் பழைய கருவியின் எண்ணிக்கையோடு நேராக ஒப்பிட்டு "நோய் பரவுகிறது" என்று அலறுகிறவர்கள் உண்டு. நீ அந்தக் கூட்டத்தில் சேராதே.

கோலா என்றதும் ஒரு துணுக்கு. நீ சின்னப் பையனாக இருந்தபோது டிவி முன்னால் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பாயே, முதலை பிடிக்கும் ஸ்டீவ் இர்வின், அவர் நினைவாகக் கோலாவின் ஒரு டிரிப்பனோசோமுக்கு 2009-இல் இர்வினி என்று பெயர் வைத்தார்கள். கோப்மனியும் அதே ஆண்டில் பெயர் பெற்றதுதான். டவுன்ஸ்வில்லில் ஒட்டுண்ணியியல் கற்பித்த புரூஸ் கோப்மன் பெயரில் வைத்தது. அதை விவரித்தது எந்த விலங்கிலிருந்து தெரியுமா? குவோக்காவிலிருந்தும் கில்பர்ட் பொட்டோரூவிலிருந்தும். இந்தப் பொட்டோரூ அழிந்தே போயிற்று என்று எல்லாரும் கை கழுவியிருந்தார்கள். 1994-இல் ஆல்பனிக்குப் பக்கத்தில் டூ பீப்பிள்ஸ் பே என்ற இடத்தில் மறுபடி கண்ணில் பட்டது. அழிந்ததாக நினைத்த விலங்கு திரும்பி வந்தபோது தன் இரத்தத்தில் ஓர் உயிரினத்தையும் சுமந்துகொண்டு வந்தது.

சரி, உன் குரல் மறுபடி கேட்கிறது. "96-க்கு 89. இதயத்தில் சிதைவு. உயிரணுவுக்குள் புகுகிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கோப்மனிதான் குற்றவாளி, எழுதுங்கள் தீர்ப்பை!"

பொறு. கரகாமியாவுக்கும் மேல் வாரனுக்கும் ஒட்டுண்ணியில் மட்டுமா வித்தியாசம்? கரகாமியாவைச் சுற்றி வேலி. நரியும் பூனையும் உள்ளே வர முடியாது. அங்குள்ள வொய்லிகள் 1990-களில் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வாரிசுகள். மேல் வாரன் திறந்த காடு, பூனைகள் சுற்றுகின்றன. ஒட்டுண்ணியால் சோர்ந்த வொய்லி பூனைக்கு எளிதாக மாட்டியிருக்கலாம். வேறு ஏதோ காரணத்தால் உடல் நலிந்த வொய்லியிடம் ஒட்டுண்ணி பெருகியிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டும் இருக்கலாம். சரிவு தொடங்குவதற்கு முன்னால் எடுத்து வைத்த இரத்தம் கையில் இருந்தால் கேள்வி பாதி தீர்ந்திருக்கும். அதே மர்டோக்கிலிருந்து 2014-இல் வந்த ஒரு கட்டுரை, நோயால் எண்ணிக்கை சரிந்தது என்று சொல்வதில் எச்சரிக்கை தேவை என்பதைத் தலைப்பிலேயே வைத்தது. தங்கள் கூடத்திலிருந்து வந்த சந்தேகத்தையே கேள்வி கேட்கிறார்கள் பார், அதைத்தான் நீ கற்றுக்கொள்ள வேண்டும். 2013 கட்டுரையும் "பங்கு இருக்கக்கூடும்" என்றுதான் சொன்னது. "கொன்றது" என்ற சொல் உன்னுடையது.

குற்றம் எப்படி நிரூபணமாகும் என்று தெரிய வேண்டுமானால் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போ. இந்துமாக்கடலில் இருக்கும் அந்தத் தீவுக்கே உரிய ஒரு பெரிய எலி இருந்தது, மெக்ளியர் எலி என்பார்கள். 1899-இல் ஒரு கப்பலில் கருப்பு எலிகள் வந்து இறங்கின. சில ஆண்டுகளுக்குள் தீவு எலி பூண்டோடு அழிந்தது. கருப்பு எலிகளின் தெள்ளுப்பூச்சிகளோடு டிரிப்பனோசோமா லூயிசியும் வந்து இறங்கியிருக்கும் என்று அப்போதே சந்தேகித்தார்கள். இந்த லூயிசி முதலில் நம் கல்கத்தா எலிகளில் டிமதி லூயிஸ் என்ற மருத்துவர் பார்த்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2008-இல், அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த எலித்தோல்களிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். கப்பல் வருவதற்கு முன் பிடித்தவற்றில் ஒட்டுண்ணி இல்லை. வந்த பின் பிடித்தவற்றில் இருந்தது. முன், பின் இரண்டும் கையில் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

அந்தத் தீவிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. கருப்பு எலிக்கு லூயிசி பழகிப்போன விருந்தாளி, பெரிய தொந்தரவில்லை. தீவு எலி அதைப் பார்த்ததே இல்லை, அழிந்தது. நம் ஊர் ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் சர்ரா நோய் தரும் ஈவன்சியும் இப்படித்தான். 1880-இல் அன்றைய பஞ்சாபில் கிரிஃபித் ஈவன்ஸ் கண்டது அது, நோய் உண்டாக்குவதாகத் தெரியவந்த முதல் டிரிப்பனோசோம். எருமை அதைச் சுமந்துகொண்டு பெரும்பாலும் நடமாடும். ஆஸ்திரேலியாவின் வாலபிகளுக்குச் சோதனையாகச் செலுத்திப் பார்த்தபோது அவை தாங்கவில்லை. மனிதனைத் தொடாது என்று நினைத்த அதே ஈவன்சி, மகாராஷ்டிராவில் ஒரு விவசாயியின் இரத்தத்தில் 2004-இல் இருந்தது. காரணம் தேடினால், நம் சீரத்தில் காவல் நிற்கும் அந்தப் புரதம் அவர் உடம்பில் செயல்படவில்லை. ஒட்டுண்ணியின் வகையை மட்டும் பார்த்தால் போதாது மருமகனே, யார் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். "இது கொடியது, இது சாது" என்று ஒட்டுண்ணிகளுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறாயே, கிழித்துப் போடு.

மூன்றாவது தவறு. "மருந்து கொடுத்தால் தீர்ந்தது."

எந்த மருந்து? எந்த வகைக்கு? ஆய்வகத்தில் சோதித்துத்தான் பார்க்கிறார்கள். கோப்மனியின் இரண்டு வகைகளைத் தனித்தனியே வளர்த்து, குரூசியோடு ஒப்பிட்டு, எந்த மருந்துக்கு எது எப்படி மடங்குகிறது என்று பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. வகை பிரிக்கும் வேலை வீண் என்றாயே, மருந்து தேடவே அது வேண்டியிருக்கிறது பார். சரி, மருந்து கிடைத்தது என்றே வைத்துக்கொள். இரவில் காட்டில் அலைகிற விலங்கைக் கூண்டு வைத்துப் பிடித்து, நாள் தவறாமல் எத்தனை நாள் கொடுப்பாய்? சாகஸ் நோய்க்கு மனிதனுக்கே மாதக்கணக்கில் மாத்திரை. பிடித்து அடைக்கிற கலக்கத்திலேயே பாதி உடம்பு போய்விடாதா? உண்ணி வழியாகப் பரவுகிறது என்பது சந்தேகம். அப்படியானால் நீ குணப்படுத்தி விட்ட மறுவாரமே உண்ணி அதைத் திருப்பிக் கொடுக்கும். ஒரு விலங்குக்குள் நான்கு வகைகள் இருந்து நீ ஒன்றை மட்டும் ஒழித்தால், காலியான இடத்தில் எது பெருகும்? கலந்திருக்கும் வகைகள் ஒன்றையொன்று தடுத்து வைத்திருக்கக்கூடும், ஒன்றுக்கொன்று உதவியும் செய்யக்கூடும். அதைப் படிக்காமல் மருந்தை ஊற்றுவது வைத்தியமல்ல.

இன்னொன்றும் சொல்வேன், சிரிக்காதே. ஒட்டுண்ணியும் ஓர் உயிரினம். கலிஃபோர்னியாவின் காண்டார் கழுகு அழியும் நிலைக்கு வந்தபோது, 1987-இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கினார்கள். நல்ல காரியம். கூடவே பேன்மருந்து போட்டுச் சுத்தம் செய்தார்கள். அந்தக் கழுகின் மேல் மட்டுமே வாழ்ந்த ஒரு பேன் இனம் அதோடு காணாமல் போயிற்று. பறவைக்கு அதனால் பெரிய கேடு இருந்ததாகத் தெரியவில்லை. கழுகைக் காத்தோம், பேனைத் தொலைத்தோம். பேன்தானே என்று உன் அம்மா சொல்வாள், நீயும் சொல்வாய். அந்தப் பேன் போனதால் என்ன போயிற்று என்று இனிமேல் கேட்கவும் முடியாது.

எச்25-க்கு வருகிறேன் என்றேனே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். 1999-இல் ஒரு கங்காருவில் கிடைத்த அந்த ஒட்டுண்ணியின் மரபணுவைப் படித்தபோது, அது பக்கத்து விலங்குகளின் டிரிப்பனோசோம்களைவிட, கடல் கடந்த தென் அமெரிக்கக் குரூசிக்கு நெருக்கமாக இருந்தது. 2016-இல், அதைக் கண்ட ஹாரி நாய்ஸ் பெயரை வைத்து நாய்ஸி என்றார்கள். பெயரைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டாயா? இனி யோசி. தென் அமெரிக்காவிலும் பை உள்ள பாலூட்டிகள் உண்டு. அங்குள்ள ஒப்போசம் குரூசியை இரத்தத்தில் மட்டுமா, ஆசனவாய்ச் சுரப்பிகளிலும் வளர்க்கும். தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்த நிலம். ஆகவே இந்தக் குடும்பத்தின் மூதாதை, கண்டங்கள் பிரிவதற்கு முன்பே பை விலங்குகளின் இரத்தத்தில் இருந்திருக்கலாம் என்றார்கள் சிலர். இல்லை, மூதாதை வௌவால்களில் இருந்தது, பறந்து போன வௌவால்கள்தான் கண்டத்துக்குக் கண்டம் தரையிலுள்ள விலங்குகளுக்குக் கொடுத்தன என்று 2012-இல் வேறு சிலர் வாதாடினார்கள். வௌவாலுக்குச் சாட்சி கூடிக்கொண்டிருக்கிறது. உலகில் சுமார் 70 லட்சம் பேரைப் பிடித்திருக்கும் ஒரு நோயின் பூர்வீகத்தைக் கங்காருவின் இரத்தத்தில் தேடுகிறார்கள். "இதனால் யாருக்கு என்ன லாபம்" என்று நீ கேட்டிருந்த வரிக்கு வேறு பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியாக, உன் கைக்கு எட்டுகிற வேலைக்கு வருகிறேன். அடுத்த பருவத்தில் உண்ணியும் இரத்த ஒட்டுண்ணியும் பார்க்கும் சிறிய ஆய்வு செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். மாடோ ஆடோ தெருநாயோ, எதுவானாலும் சரி. நோயாளியை மட்டும் பார்க்காதே, நன்றாக இருப்பவற்றின் இரத்தத்தையும் அதே எண்ணிக்கையில் எடு. எந்த ஊர், எந்த மாதம், உடல் எடை, மேலே என்ன உண்ணி என்பதை அன்றன்றே எழுது, அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளாதே. "உண்டு / இல்லை" என்று இரண்டு கட்டங்கள் மட்டும் போடாமல் "எந்த வகை", "கூட வேறு என்ன" என்று இன்னும் இரண்டு போடு. ஒரே மரபணுவை நம்பாதே, இரண்டாவதாக ஒன்றையும் படி. இல்லை என்று வந்ததையும் பதிவு செய். மிஞ்சிய இரத்தத்தைக் கொட்டிவிடாமல் பெயரெழுதி உறையவைத்து வை. பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் "முன்னால் எப்படி இருந்தது" என்று தேடி வருவார். வொய்லி விஷயத்தில் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

பணம் அனுப்பியிருக்கிறேன், உன் அம்மாவிடம் தொகையைச் சொல்லாதே. பொங்கலுக்கு வரும்போது பதிவேட்டைக் கையோடு கொண்டு வா. ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பேன். "எந்த வகை" என்ற கட்டம் காலியாக இருந்தால், சொல்லிவிட்டேன், கரும்பு கிடையாது.

அன்புடன்,
உன் மாமா